நாற்பது மூட்டை மரச்சில்லு: ராமமூர்த்தி நகர்த் தோட்டம் ஒன்றின் பதினைந்து மாதங்கள்

யாருடைய தோட்டம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 அடியில் வீடு ஒன்று, அதை ஒட்டி அதே அளவில் ஒரு காலி சைட். இரண்டும் ஒரு தம்பதிக்குச் சொந்தம். கணவரை அண்ணன், மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர், திருப்பத்தூர்ப் பக்கம். அக்காவுக்கு வேலூர். காலி சைட்டில் வீடு கட்டும் எண்ணம் தள்ளிக்கொண்டே போக, பத்து வருடத்தில் அது தோட்டமாகிவிட்டது. இரண்டு தென்னை, ஒரு எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, மதிலோரம் செம்பருத்தியும் மல்லிகையும், நடுவில் நான்கு கீரைப் பாத்தி, இரண்டு பாத்தி தக்காளியும் கத்தரியும்.

நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன். வேளாண்மை படித்தவன் இல்லை. பதினைந்து வருடமாக மாடியிலும் தரையிலும் செடி வளர்த்து, நிறையக் கொன்று, கொஞ்சம் கற்றவன். மரச்சில்லு போடுவதற்கு முன்னும் பின்னும் இந்தத் தோட்டத்தில் நடந்ததை 2024 மார்ச் முதல் 2025 மே வரை நோட்டில் குறித்துவைத்தேன். பெயர் போட வேண்டாம், மற்றதை நடந்தபடியே எழுதலாம் என்றார்கள். அக்கா மட்டும், "அவர் பண்ண கோளாறை ஒண்ணு விடாம எழுதுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

தண்ணீர் இல்லாத கோடை

2024 பிப்ரவரியிலேயே அவர்கள் போர்வெல் காற்றைத்தான் இறைத்தது. மார்ச்சில் நகரம் முழுக்க அதே கதை. தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. டேங்கர்களுக்கும் விலை கட்டினார்கள்: 5 கிலோமீட்டருக்குள் என்றால் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். அந்த விலைக்கு லோடு கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

தோட்டத்துக்கு மிஞ்சியது துணி துவைத்த தண்ணீரும் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரும். ஒரு நாளைக்குப் பதினான்கு பக்கெட் ஊற்றினார்கள். இங்கே செம்மண்தான். ஆனால் பக்கத்து வீடுகள் கட்டியபோது கொட்டிய சிமெண்ட்டும் செங்கல் துண்டும் அதில் கலந்திருந்தன. ஊற்றியது பாதி ஓடிவிடும், மீதி பத்து மணி வெயிலில் போய்விடும். ஏப்ரலில் ஒரு சொட்டு மழை இல்லை. ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி. மல்லிகை பிழைத்தது, தக்காளி போயிற்று, எலுமிச்சை பிஞ்சையெல்லாம் உதிர்த்தது.

மண்ணை வெயில் படாமல் சருகு, வைக்கோல் போன்றவற்றால் மூடிவைக்கும் மூடாக்கு போடலாமே என்று நான் சொன்னது அப்போதுதான். மூடாக்கு புதிய விஷயம் ஒன்றும் இல்லை. இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் பேசிப் பரப்பிய விஷயங்களில் அதுவும் ஒன்று. எதைப் போடுவது என்பதுதான் சிக்கல். கிராமத்தில் வைக்கோல் கிடைக்கும், கரும்புச் சோகை கிடைக்கும். பெங்களூரில் ஒரு கட்டு வைக்கோல் வாங்கப் போனால் மாடு வாங்கிவிடலாம் போலிருக்கும். தெருவில் விழும் சருகை மட்டும் அண்ணன் கூட்டி அள்ளிவந்து போட்டார். கீரைப் பாத்திக்கு அது போதுமானதாக இருந்தது, மரங்களுக்குப் போதவில்லை.

ஜூன் 2, மழை, சில்லு

ஜூன் 2ஆம் தேதி ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் மழை. ஜூன் மாதத்தில் ஒரு நாளில் பெய்த மழைக்கு 1891இல் பதிவான உச்சம், 101.6 மில்லிமீட்டர், அன்று முறிந்தது. நகரம் முழுக்க மரங்கள் சாய்ந்தன. அவர்கள் தெருக்கோடியில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் காம்பவுண்டுக்குள்ளும் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் பாதியாகப் பிளந்து விழுந்தது, கூடவே ஒரு சில்வர் ஓக். அடிமரத்தை விறகுக்காரர் எடுத்துப்போக, கிளைகளை அரைக்க ஒரு இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். விரல் நீளச் சில்லும் பட்டையும் பச்சை இலையும் கலந்து ஒரு மலை குவிந்தது. யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம் என்று காவலாளி சொல்ல, அண்ணன் லக்கேஜ் ஆட்டோ பிடித்து இரண்டு நடையில் நாற்பது மூட்டை கொண்டுவந்தார். எல்லாம் பழைய உரச்சாக்கு. உள்ளே பிளாஸ்டிக் பை உள்ளவை. வாயை இறுக்கக் கட்டி, மதிலோரம் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டார்.

இங்கே ஒரு கணக்கு. ஒரு சாக்கில் ஏறக்குறைய 60 லிட்டர் பிடிக்கும். நாற்பது மூட்டைக்கு 2,400 லிட்டர். நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பினால் 250 சதுர அடிக்குச் சற்று மேல் வரும். தோட்டமோ 1,200 சதுர அடி. பார்க்க மலைபோல் இருந்தாலும் நாலில் ஒரு பங்கு இடத்துக்கும் போதாது. எங்கே போடுவது, எங்கே விடுவது என்று அன்றே உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. உறவில் ஒரு கல்யாணம் வந்தது, அப்புறம் அக்காவுக்கு முழங்கால் வலி. மூட்டைகள் ஐந்து வாரம் கட்டியபடியே கிடந்தன.

முதல் கோளாறு: புளித்த சில்லு

ஜூலை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பன்னிரண்டு மூட்டையைப் பிரித்துச் செம்பருத்தி, புதிதாக நட்ட தக்காளி, எலுமிச்சை எல்லாவற்றைச் சுற்றியும் கொட்டினார். செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குப் போன். "செடிக்கு யாரோ வெந்நீர் ஊத்தின மாதிரி இருக்குப்பா."

போய்ப் பார்த்தேன். தக்காளியின் அடி இலைகள் ஓரம் வெளுத்துச் சுருண்டிருந்தன. செம்பருத்தியில் சில்லுக்கு நெருக்கமாகத் தொங்கிய இலைகள் மட்டும் கருகியிருந்தன. மேல் இலைகளுக்கு ஒன்றும் இல்லை. நோயாக இருந்தால் இப்படி ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் நிற்காது. குனிந்தபோது வாடை மூக்கில் ஏறியது. காடி வாடை, நாளான கள் வாடை. பிரிக்காத மூட்டை ஒன்றில் கையை விட்டால் உள்ளே சுடுகிறது, சில்லு கருத்து ஈரமாக இருக்கிறது.

பச்சை இலையோடு கூடிய ஈரச் சில்லை காற்றுப் போகாமல் கட்டிவைத்தால் அது மக்காது, புளிக்கும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அசிட்டிக் அமிலம், மெத்தனால், சில சமயம் அம்மோனியாவும் உண்டாக்கும். திறந்து கொட்டியதும் அந்த ஆவி பக்கத்து இலைகளை எரித்துவிடும். நிச்சயப்படுத்திக்கொள்ள, மீன் தொட்டி வைத்திருக்கும் பையனிடம் தண்ணீரின் அமிலத்தன்மையை (பிஎச்) பார்க்கும் சொட்டு மருந்து வாங்கி, சில்லை ஊறவைத்த தண்ணீரில் விட்டோம். உடனே நல்ல மஞ்சள், அமிலம் என்று அர்த்தம். அந்தச் சோதனை 6க்குக் கீழே காட்டாது, ஆகவே உண்மையில் எவ்வளவு கீழே என்று தெரியாது. மூக்கு சொன்னதே போதும்.

அன்றே எல்லாவற்றையும் வாரி எடுத்தோம். செடிகளின் அடியில் இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசினோம். மீதி இருபத்தெட்டு மூட்டையையும் பிரித்து, மொட்டை மாடியில் அரையடி உயரத்துக்குப் பரப்பி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளறினோம். ஜூலை மழை கழுவிக்கொடுத்தது. பத்தாம் நாள் கையில் எடுத்து முகர்ந்தால் வெறும் மர வாசனை. தக்காளியில் ஆறு செடி போயிற்று. செம்பருத்தி மூன்று வாரத்தில் துளிர்த்தது.

குப்பையில் கொட்டிவிடலாம் என்று அக்கா சொன்னார். புளித்த சில்லு கெட்டுப்போன சில்லு இல்லை, காற்றுக் காட்டினால் திரும்பிவிடும் என்று நான் வாதாடியதால்தான் மாடிக்கு ஏறியது. நாற்பது மூட்டையை மாடிப்படி ஏற்றிய தோட்டக்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் சரியாகப் பேசுவதில்லை.

எங்கே போட்டோம், எங்கே போடவில்லை

ஜூலைக் கடைசியில் காகிதத்தில் படம் போட்டு முடிவு செய்தோம். நிலையாக நிற்கும் செடிகளுக்கு மட்டும் சில்லு: எலுமிச்சை, கறிவேப்பிலை, முருங்கை, செம்பருத்தி, மல்லிகை, இரண்டு தென்னை வட்டங்கள். உயரம் நான்கு அங்குலம். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுத்தான் வட்டம் தொடங்க வேண்டும். தண்டில் சில்லு சாய்ந்திருந்தால் பட்டை எந்நேரமும் ஈரமாகி அழுகும், எலுமிச்சைக்கு அது ஆகவே ஆகாது. மிஞ்சியது நடைபாதைக்கு. மழையில் செம்மண் சேறு வீட்டுக்குள் வருவது நின்றதில் அக்காவுக்குக் கொஞ்சம் சமாதானம்.

கீரைப் பாத்திகளுக்கு வேண்டாம் என்றேன். கீரை விதை நுண்ணியது, விரல் பருமன் சில்லைத் தள்ளிக்கொண்டு முளைக்காது. தவிர இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை கொத்திப் புரட்டுகிற பாத்தியில் மேலே போட்டது மேலேயே நிற்காது. அண்ணன் தலையாட்டினார்.

இரண்டாவது கோளாறு: மஞ்சள் கீரை

தலையாட்டியவர் ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு பாத்தியில் மட்டும் இரண்டு மூட்டை சில்லையும், தெரிந்த தச்சுப்பட்டறையில் இருந்து வாங்கிய ஒரு மூட்டை மரத்தூளையும் கொட்டி ஒரு முழ ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. மண் இறுகிக் கிடக்கிறது, இதைக் கலந்தால் பொலபொலவென்று ஆகும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு முழுத் தப்பும் இல்லை. இரண்டு வருடம் காத்திருந்தால் ஆகத்தான் செய்யும்.

நான்கு பாத்தியிலும் ஒரே நாளில் சிறுகீரை விதைத்தார். ஒருவிதத்தில் நமக்கு வாய்ப்பாகப் போயிற்று: ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே வெயில், மண் மட்டும் வேறு. மூன்றாவது வாரம் மூன்று பாத்தி கரும்பச்சையாக அரையடி வளர்ந்திருக்க, கலந்த பாத்தியில் கீரை நான்கு விரல் உயரத்தில் வெளிறிய மஞ்சளாக நின்றது. அடி இலைகளில் மஞ்சள் அதிகம். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைந்தால் அப்படித்தான் காட்டும், செடி பழைய இலையில் இருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும்.

மரத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவில் கரிமம் (கார்பன்) 25, 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்காவது வேண்டும். மரத்தூளில் 400 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்துதான் இருக்கும். குறைவதை அவை எங்கிருந்து எடுக்கும்? சுற்றியுள்ள மண்ணில் இருந்து. கீரை வேருக்குப் போக வேண்டியதை அவை முந்திக்கொள்கின்றன. சில்லை மண்ணுக்கு மேலே பரப்பினால் இந்தப் போட்டி இரண்டும் தொட்டுக்கொள்ளும் மெல்லிய அடுக்கில் மட்டும் நடக்கும். எலுமிச்சையின் வேர் அதற்குக் கீழே இருப்பதால் அதற்குத் தெரியவே தெரியாது. உள்ளே கலந்துவிட்டால் வேர்மண்டலம் முழுக்க நடக்கும், அதுவும் மரத்தூள் என்றால் இன்னும் வேகமாக நடக்கும். பொடியாக இருப்பதால் நுண்ணுயிர் தொட அதில் இடம் அதிகம்.

மரச்சில்லு மண்ணைப் பாழாக்கிவிடும் என்று பலர் சொல்வதும், பொன்போல என்று வேறு சிலர் சொல்வதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் முட்டிக்கொள்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் மேலே போட்டிருப்பார், இன்னொருவர் உள்ளே போட்டிருப்பார்.

மரத்தூளைப் பற்றி இன்னொன்று கேட்டேன்: என்ன மரம்? பட்டறைக்கே போய் விசாரித்தால், பாதி பிளைவுட், எம்டிஎஃப் பலகைகளை அறுத்த தூள். அவற்றை ஒட்டும் பசையில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனப் பிசின் இருக்கும். சாப்பிடுகிற கீரைக்கு அடியில் அது வேண்டாம் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. கலந்ததைப் பிரித்தெடுக்க வழியில்லை. மேல் மண்ணை அரையடிக்கு வெட்டி எடுத்து நடைபாதை ஓரம் போட்டோம். மிச்சத்துக்குக் கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வாரம் ஒருமுறை விட்டோம். சிறுநீரையும் அப்படிக் கலந்து விடலாம், அதில் தழைச்சத்து அதிகம் என்று நான் சொல்லத் தொடங்கியதும், "கீரை நாங்க கடையிலேயே வாங்கிக்கறோம்" என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

அந்தக் கீரை தேறவில்லை. பிடுங்கிவிட்டுத் தட்டைப்பயறு விதைத்தோம், தனக்கு வேண்டிய தழைச்சத்தை வேர்முடிச்சில் தானே சேர்த்துக்கொள்ளும் என்பதால். அது பழுதில்லாமல் வந்தது. காய் பறித்தபின் செடியை அங்கேயே மடக்கிப் போட்டு, பிப்ரவரியில் மறுபடி சிறுகீரை விதைத்தபோது மற்ற பாத்திகளோடு வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாதம் ஒரு பாத்தி கீரை கொடுக்கவில்லை, நட்டம் அவ்வளவுதான்.

மஞ்சள் வாந்தி

ஆகஸ்டில் ஒரு விடியற்காலை செம்பருத்தி அடியில், சில்லின் மேல், யாரோ வாந்தி எடுத்ததுபோல் பளீரென்ற மஞ்சளில் ஒரு திட்டு. தட்டு அகலம். மத்தியானத்துக்குள் நகர்ந்ததுபோல் இருந்தது, மறுநாள் காய்ந்து பழுப்புப் பொடியானது. ஏவல், செய்வினை என்று பக்கத்து வீட்டில் பேச்சு எழும்பிவிட்டது. அது ஒரு வகை சளிப்பூஞ்சணம். பூஞ்சணம் என்று பெயர் இருந்தாலும் பூஞ்சணம்கூட இல்லை. ஈரமான மரத்தில் பாக்டீரியாவைத் தின்று வாழும், செடியை ஒன்றும் செய்யாது. மண்வெட்டியால் புரட்டிவிட்டோம். பின்னால் காளான்களும் முளைத்தன. அவற்றை யாரும் சமையலுக்குப் பறிக்கக் கூடாது என்பதை மட்டும் வேலைக்கு வரும் அம்மாவிடம் அழுத்திச் சொன்னோம்.

கரையான்

"கெத்தலு பருத்தே" என்று எதிர்வீட்டுப் பெரியவர் முதல் நாளே கன்னடத்தில் எச்சரித்திருந்தார். கரையான் வரும் என்று. வந்தது.

2024 அக்டோபரில் பெய்த மழை பெங்களூருக்காரர்களுக்கு நினைவிருக்கும், நகரின் வடக்கே எலகங்கா பக்கம் குடியிருப்புகளில் படகு ஓடிய மாதம். அந்த மாதக் கடைசியில் சமையலறைக்குப் பின்னால் உள்ள கதவுநிலையில் பென்சில் பருமன் மண்வரி ஏறியிருந்ததை அக்கா பார்த்தார். கீழே தேடினால், மல்லிகைக்குப் போட்ட சில்லு வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. படத்தில் நாங்கள் மதிலையும் செடியையும் வரைந்தோம், வீட்டுச் சுவரை யோசிக்கவே இல்லை. இந்தப் பதினைந்து மாதத்தில் என் பங்குத் தவறு இது.

பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிட்டார்கள். வீட்டைச் சுற்றித் துளை போட்டு மருந்து இறக்க வேண்டும் என்றார், பெரிய தொகையும் சொன்னார். அவசரப்பட வேண்டாம் என்று முதலில் நிலைக்கட்டையின் அடியைத் தட்டிப் பார்த்தோம். பொத்தென்று சத்தம். தச்சர் வந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தபோது உள்ளே பழைய, காய்ந்த மண் அடைந்திருந்தது. புதிய ஈர மண்வரி வெளியேதான். அந்தக் கதவுநிலையில் கரையான் சில்லுக்குப் பல வருடம் முன்பே குடியிருந்திருக்கிறது. சில்லு அதை உண்டாக்கவில்லை. ஆனால் வறண்ட சுவரோரத்தை எந்நேரமும் ஈரமாக, நிழலாக வைத்து அதற்கு நல்ல பாதை போட்டுக்கொடுத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எடுத்த முடிவு: நிலையின் அடியை வெட்டிப் புதுக் கட்டை வைத்து, அந்த இடத்துக்கு மட்டும் மருந்து. வீட்டுச் சுவரில் இருந்து ஒன்றரை அடிக்குச் சில்லை முழுக்க அகற்றி, அந்தப் பட்டையில் ஜல்லி. ஜல்லி மேல் மண்வரி ஏறினால் கண்ணுக்குத் தெரியும் என்பது காரணம். வாரம் ஒருமுறை அண்ணன் டார்ச்சோடு சுற்றிவருவதாக ஒப்பந்தம். வீடு முழுக்க மருந்து இறக்காததில் அக்காவுக்கு இன்னும் மனக்குறைதான். அது அவர் வீடு, அவர் பயம் நியாயமானது. 2025 மே வரை புது வரி வரவில்லை.

தென்னையடியில் கொழுத்த புழு

ஜனவரியில் தென்னையில் புதிதாக விரிந்த மட்டை ஒன்று கத்தரியால் விசிறிபோல வெட்டியதாக இருந்தது. காண்டாமிருக வண்டின் கைவரிசை என்று ஊரில் தென்னை வைத்திருந்த அண்ணனே சொல்லிவிட்டார். வண்டு குருத்தைக் குடைகிறது, முட்டை இடுவது மட்கும் குப்பையில். தென்னை வட்டத்துச் சில்லைக் கிளறினால் அடியில், ஈரமாய்க் கறுத்துப் பாதி மட்கிய அடுக்கில், கட்டைவிரல் பருமனில் வளைந்து கிடந்த வெள்ளைப் புழுக்கள்.

மரத்தின் காலடியிலேயே அதன் எதிரிக்குத் தொட்டில் கட்டிவிட்டோம். எருக்குழியைத் தென்னைக்குப் பக்கத்தில் வைக்காதே என்பது ஊர்ப்பக்கம் தெரிந்த பழக்கம். சில்லு என்று பெயர் மாறியதால் நாங்கள் யாரும் அதை எருக்குழியாக நினைக்கவில்லை.

எல்லாப் புழுவும் அந்த வண்டின் புழு இல்லை. பூவண்டு வகைப் புழுக்களும் இதே வடிவில் இருக்கும், அவை மட்கை உண்டாக்குபவை, தென்னைக்குக் கெடுதல் செய்யாதவை. பிரிக்க எளிய வழி உண்டு: சிமெண்ட் தரையில் விட்டால் பூவண்டுப் புழு மல்லாந்து முதுகால் நகரும். காண்டாமிருக வண்டின் புழு அப்படி நகராது. இரண்டு வட்டத்திலும் கிடைத்தவற்றைத் தரையில் விட்டுப் பார்த்து, மல்லாந்து ஓடியவற்றைத் திருப்பி விட்டோம். மிச்சம் இருபத்தேழு. காக்கைக்கு அன்று விருந்து.

தென்னையடியில் இருந்து சில்லை மொத்தமாக எடுத்து, வெயிலில் காயவைத்து நடைபாதையில் போட்டோம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மேல் மூன்று மட்டைகளின் இடுக்கில் வைக்க மரமேறும் ஒருவரைத் தேடியதில் இரண்டு வாரம் போயிற்று. பெங்களூரில் அதற்கு ஆள் கிடைப்பது வண்டைப் பிடிப்பதைவிடக் கஷ்டம். அப்புறம் விரிந்த மட்டைகளில் ஒன்றில் மட்டும் சின்ன வெட்டு.

அடுத்த கோடை

2025 மார்ச், ஏப்ரலில் பக்கெட் கணக்கை மறுபடி எடுத்தோம். அதே துவைத்த தண்ணீர், அதே செடிகள். பதினான்கு பக்கெட் ஆறாகக் குறைந்தது. எலுமிச்சைக்கும் செம்பருத்திக்கும் மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். முழுப் பெருமையையும் சில்லுக்குக் கொடுக்க முடியாது. முந்தைய கோடையைப்போல இது அவ்வளவு கொடியதாக இல்லை, இடையில் மழை வந்தது. ஆனாலும் மத்தியானம் இரண்டு மணிக்குச் சில்லை விலக்கி விரலை விட்டால் மண் குளிர்ந்து ஈரமாக இருந்தது. பக்கத்தில் மூடாத இடத்தில் விரல் இறங்கவில்லை. சில்லின் அடியில் வெள்ளை நூல்போலப் பூஞ்சண இழைகள், அவற்றுக்குக் கீழே மண்புழு. இந்தத் தோட்டத்தில் மண்புழுவைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார் அண்ணன். களை கிட்டத்தட்ட இல்லை, கோரை மட்டும் எதையும் துளைத்துக்கொண்டு வந்தது. நான்கு அங்குலமாகப் போட்டது ஒன்றரை அங்குலமாகக் கரைந்திருந்தது. எலுமிச்சை இந்தத் தடவை பிஞ்சைத் தக்கவைத்தது.

மழைக்காலத்தில் நத்தை கூடியதையும் சொல்ல வேண்டும். பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் பகலில் சில்லுக்கு அடியில் பதுங்கி, இரவில் கத்தரி நாற்றைத் தின்றன. டார்ச்சும் உப்புத் தண்ணீர் பக்கெட்டுமாக அண்ணன் இரவு ஒன்பது மணிக்குச் சுற்றினார். வெறுங்கையால் தொடுவதில்லை.

இரண்டாவது லோடு

2025 மேயில் வேறொரு இடத்தில் மரம் வெட்ட, மறுபடி சில்லு கிடைத்தது. இந்தத் தடவை இருபது மூட்டைதான் கேட்டார், முதலில் இடத்தை அளந்துவிட்டு. வந்த அன்றே சாக்கைப் பிரித்து, சைட்டின் நடுவில், முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத குவியலாகக் கொட்டிவிட்டார். முகர்ந்து பார்க்காமல் செடிக்குப் போடுவதில்லை. என்ன மரம் என்று கேட்காமல் வாங்குவதும் இல்லை. பெயின்ட் அடித்தது, பிளைவுட், மருந்து ஏற்றிய கட்டை என்றால் வேண்டாம். தென்னைக்கும் வீட்டுச் சுவருக்கும் பக்கத்தில் இப்போது ஜல்லியும் வெறும் மண்ணும்தான். கீரைப் பாத்திக்குப் பழையபடி தெருச் சருகு. ஒரு வருடம் மட்கிய அடிச் சில்லைச் சலித்துத் தொட்டி மண்ணில் கலக்க ஆரம்பித்திருக்கிறார். அந்த நிலையில் அது மரமாக இல்லை, மட்காகிவிட்டது.

நான் முதலில் இருந்து செய்தால் ஒரே நேரத்தில் நாற்பது மூட்டையை இறக்கவிட மாட்டேன். ஐந்து மூட்டை, ஒரு செம்பருத்தி, ஒரு மழைக்காலம் என்று தொடங்கியிருந்தால் கரையானும் புழுவும் சின்ன அளவிலேயே தெரிந்திருக்கும். அக்கா இன்னும் சில்லுக்குக் கட்சி மாறவில்லை. நடைபாதைக்கும் மல்லிகைக்கும் மட்டும் சம்மதம், மல்லிகை இந்த வருடம் நன்றாகப் பூத்தது என்பதால்.

முருங்கைக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. போட்டபோதும் காய்த்தது, நடுவில் ஒருமுறை எடுத்தபோதும் காய்த்தது. அதற்குப் போட்ட மூன்று மூட்டையை அண்ணன் இப்போது எலுமிச்சைக்கு மாற்றிவிட்டார்.